டிரம்ஸ் ரெக்கார்டிங்: இரண்டு மைக்கும் ஒரு கயிறும்

சர்ச் பாடகர் குழு, கல்லூரி பேண்ட், திருவிழா லைட் மியூசிக் குழு என்று யாரிடம் பேசினாலும் சொந்தப் பாட்டைப் பதிவுசெய்யும் ஆசை டிரம்ஸ் என்ற இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. குரல், கிட்டார், கீபோர்டு எல்லாவற்றையும் வீட்டு அறையிலேயே எடுத்துவிடுகிறார்கள். டிரம்ஸ் என்றதும் லேப்டாப்பில் உள்ள சாம்பிள்களைத் தேடிப் போகிறார்கள். நல்ல டிரம்மர் ஒருவர் குழுவிலேயே இருப்பார். அவர் கை மட்டும் பாட்டில் இருக்காது. பணத் தட்டுப்பாட்டைவிட, வாய்வழியாகப் பரவிய சில நம்பிக்கைகளே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை: டிரம்முக்கு ஒன்று வீதம் எட்டு மைக் இல்லாமல் டிரம்ஸைப் பதிய முடியாது

மேடையைப் பார்த்துப் பழகிய கண் சொல்வது இது. மேடையில் ஒவ்வொரு டிரம்மின் வாயிலும் மைக்கைச் செருகுவதற்குத் தனிக் காரணம் உண்டு. பக்கத்தில் கிட்டார் ஆம்ப்பும் மானிட்டரும் அலறிக்கொண்டிருக்கும். மைக்கைத் தள்ளி வைத்தால் அந்தச் சத்தமெல்லாம் உள்ளே வரும், கூடவே ஃபீட்பேக்கும் வரும். அறையில் டிரம்மர் தனியாக வாசிக்கும்போது இந்தத் தொல்லை இல்லை.

1968-ல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தைப் பதிந்தவர் கிளின் ஜான்ஸ். ஜான் பானம் வாசித்த டிரம்ஸுக்கு அவர் வைத்த முறை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஸ்நேருக்கு நேர் மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு மைக். ஃப்ளோர் டாமுக்கு அப்பால், அதன் விளிம்பைவிடச் சற்று உயரத்தில், ஸ்நேரைப் பார்த்தபடி இன்னொன்று. கிக் டிரம்முக்கு முன்னால் ஒன்று. தேவைப்பட்டால் ஸ்நேருக்கு நான்காவது. முழு கிட்டும் ஒரே கருவியாகக் கேட்கும், ஏனென்றால் மேலே உள்ள இரண்டு மைக்கும் கேட்பது முழுக் கிட்டைத்தான்.

1971-ல் வெளியான அதே குழுவின் "வென் த லெவி பிரேக்ஸ்" பாட்டில் இதைவிடக் குறைவு. இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படிக்கு மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார் கிளினின் தம்பி ஆண்டி ஜான்ஸ். கிக்குக்குத் தனி மைக் கிடையாது. அந்த இரண்டு பேயர்டைனமிக் எம்160-களும் மலிவானவை அல்ல என்பது உண்மை. ஆனால் ராக் இசையில் அதிகம் சிலாகிக்கப்படும் டிரம்ஸ் ஓசைகளில் ஒன்றுக்கு இரண்டே மைக்கும் ஒரு மாடிப்படியும் போதுமாக இருந்தன.

எனவே இரண்டு இன்புட் மட்டும் உள்ள இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் தயங்க வேண்டாம். கிக்குக்கு ஒன்று, மேலே ஒன்று. ஒரே மைக்தான் இருக்கிறதென்றால் கிட்டுக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் தொடங்கிப் பாருங்கள். கீழே இறக்கினால் கிக் கூடும். ஏற்றினால் சிம்பல் கூடும். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: இரண்டு யுஎஸ்பி மைக் வாங்கி ஒரே கணினியில் செருகுவது. ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுவதால், பாட்டு முடிவதற்குள் ஒன்று மற்றொன்றை விட்டு நகர்ந்திருக்கும்.

நம்பிக்கை: மைக் எங்கே நின்றாலும் மிக்ஸிங்கில் சரிசெய்துகொள்ளலாம்

இந்தப் பட்டியலில் அதிகச் சேதம் செய்வது இதுதான்.

ஒலி அறைக்குள் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. ஸ்நேரிலிருந்து ஒரு மைக் ஒரு மீட்டரிலும் இன்னொன்று 1.85 மீட்டரிலும் இருந்தால், இரண்டாவது மைக்குக்கு அதே அடி 2.5 மில்லி செகண்ட் தாமதமாக வந்துசேரும். ஸ்நேரின் உடம்பு இருப்பது 200 ஹெர்ட்ஸை ஒட்டி. அந்த அலைவரிசையில் 2.5 மில்லி செகண்ட் என்பது சரியாக அரை அலை. ஒரு மைக்கில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று அடித்துவிடும், மிஞ்சுவது தகர டப்பா. ஹெட்போனில் இடது, வலதாகக் கேட்கும்போது இது தெரியாமல் போகலாம். புளூடூத் ஸ்பீக்கர்கள் பலவற்றிலும், சர்ச் ஒலிபெருக்கியிலும் இரண்டு சேனலும் ஒன்றாகிவிடும். அங்கே ஸ்நேர் காணாமல் போகும். காணாமல் போனதை ஈக்யூவில் எவ்வளவு ஏற்றினாலும் திரும்ப வராது.

இதற்கு மருந்து இரண்டு மீட்டர் கயிறு. ஒரு நுனியை டிரம்மர் ஸ்நேரின் நடுவில் விரலால் அழுத்திப் பிடிக்கட்டும். மறுநுனியை முதல் மைக்கின் வலைவரை தொய்வில்லாமல் இழுத்து, தொடும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். ஸ்நேரில் உள்ள விரலை எடுக்காமல் கயிற்றை இரண்டாவது மைக்குக்குக் கொண்டுபோங்கள். முடிச்சு அந்த மைக்கின் வலையைத் தொடும்வரை ஸ்டாண்டை நகர்த்துங்கள். கிளின் ஜான்ஸ் முறையின் உயிரே இந்தச் சம தூரம்தான். ஒன்று மேலேயும் ஒன்று பக்கவாட்டிலும் இருப்பதால் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். கயிறு சொல்வதைக் கேளுங்கள்.

கிக் மைக்கை மேல் மைக்கோடு இப்படிச் சம தூரத்தில் வைக்க முடியாது. அதற்கு இன்டர்ஃபேஸிலோ மென்பொருளிலோ போலாரிட்டி பொத்தான் இருக்கும். இரண்டு மைக்கையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டே கிக் சேனலில் அதை அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் அடிவயிற்றில் கனம் கூடுகிறதோ அதுவே சரி. ஸ்நேருக்கு அடியிலும் மைக் வைத்தால் அதில் இந்தப் பொத்தான் பெரும்பாலும் அழுந்தியே இருக்க வேண்டும். மேல் ஸ்கின் அடிபட்டு மேல் மைக்கைவிட்டு விலகும்போது, கீழ் ஸ்கின் கீழ் மைக்கை நோக்கி வருகிறது என்பதே காரணம்.

நம்பிக்கை: விலை உயர்ந்த மைக் இருந்தால் ஓசை தானாக வரும்

மிருதங்கக்காரர் சுதி சேர்க்காமல் மேடை ஏறமாட்டார். கல்லும் கையுமாக வலந்தலையைத் தட்டிச் சரிபார்த்த பிறகே முதல் சொல் வரும். அதே ஊரில்தான் வாங்கிய நாளிலிருந்து டிரம் கீ படாத கிட்டுகளும் இருக்கின்றன. குழி விழுந்த ஸ்நேர் ஸ்கின்னை மாற்றாமல், அதன்மேல் எந்த மைக்கைக் கொண்டுவந்து வைத்தாலும் குழி விழுந்த ஸ்கின்னின் சத்தம்தான் பதிவாகும். நல்ல மைக் அதை இன்னும் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். முதல் செலவு ஸ்கின்னுக்கு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் பக்கத்தில் தட்டி, ஒரே சுருதி கேட்கும்வரை கீயைத் திருப்ப வேண்டும். அதற்குக் காசு செலவில்லை.

1966-ல் "டுமாரோ நெவர் நோஸ்" பாட்டின் பதிவில் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக், டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் கிக் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். மைக்கை ஈஎம்ஐ ஸ்டுடியோவின் வழக்கத்தைவிட நெருக்கமாக நகர்த்தினார். அதுவரை கேட்காத ஓர் இறுக்கமான அடி கிடைத்தது. நம் வீட்டுப் பழைய தலையணையும் இந்த வேலையைச் செய்யும். பீட்டர் தோலைத் தொடும் இடத்துக்கு அருகே மைக் போனால் 'டக்' கூடும், முன்பக்கத் துளையின் வாயில் நின்றால் 'தும்' கூடும். சாதாரணக் குரல் மைக்கை வைத்தே இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்நேருக்கு உலகமெங்கும் முதலில் கை நீளும் மைக் ஷூர் எஸ்எம்57. 1965-ல் வந்தது, ஆடம்பரப் பொருளே அல்ல. அதன் அண்ணன் தம்பி மாதிரியான எஸ்எம்58 உங்கள் குழுவின் பாடகர் கையிலேயே இருக்கலாம். ஸ்நேர் விளிம்புக்கு இரண்டு விரற்கடை மேலே, முதுகு ஹைஹேட்டைப் பார்க்கும்படி வையுங்கள். கார்டியாய்ட் மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். ஹைஹேட்டின் சளசளப்பு குறைந்துவிடும்.

சிம்பல் எல்லாவற்றையும் விழுங்குகிறது என்றால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள். டிரம்மரிடம் சிம்பலை மெதுவாகவும் ஸ்நேரை அழுத்தமாகவும் அடிக்கச் சொல்லுங்கள். குறைந்த மைக்கில் பதியும்போது மிக்ஸிங் செய்பவர் டிரம்மர்தான்.

நம்பிக்கை: முட்டை அட்டை ஒட்டினால் அறை ஸ்டுடியோ ஆகிவிடும்

ஆகாது. சத்தம் வெளியே போவதை முட்டை அட்டை தடுப்பதில்லை. உள்ளே எதிரொலிப்பதில் மேல் அலைவரிசைகளைக் கொஞ்சம் தின்னும், கிக்கின் முழக்கத்தைத் தொடக்கூடச் செய்யாது. தீப்பிடித்தால் சுவர் முழுக்க எரியும் என்பதால் இதைக் கடுமையாகவே சொல்கிறேன்: ஒட்டாதீர்கள், ஒட்டியிருந்தால் பிய்த்தெடுங்கள்.

நம் கான்கிரீட் வீடுகளில் முதல் எதிரி தலைக்கு மேல் இருக்கிறது. மைக் கூரைக்கு இரண்டடி கீழே நின்றால், கூரையில் பட்டுத் திரும்பும் சிம்பல் சத்தம் மூன்றரை மில்லி செகண்ட் பின்னால் வந்து நேரடிச் சத்தத்தோடு கலக்கும். மைக்கைத் தாழ்த்துங்கள். முடிந்தால் அதற்கு மேலே ஒரு பஞ்சு மெத்தையைப் பத்திரமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். கிட்டுக்கு அடியில் தடித்த ஜமுக்காளம், பின்சுவரில் துணி நிறைந்த அலமாரி. கிட்டை அறையின் நட்டநடுவிலோ மூலையிலோ வைக்காமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி வாசித்துக் கேளுங்கள்.

நம்பிக்கை: மீட்டர் சிவப்பைத் தொட்டால்தான் அடியில் பலம் இருக்கும்

டேப் காலத்தில் இதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. டிஜிட்டலில் உச்சி வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டதுதான். 24 பிட்டில் பதியும்போது உச்சி அடி மைனஸ் 10 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். லெவல் பார்க்கும்போது டிரம்மர்கள் அடக்கி வாசிப்பார்கள். பல்லவியின் உச்ச இடத்தை வாசிக்கச் சொல்லி லெவல் வையுங்கள். இன்னொன்று: கண்டென்சர் மைக்குக்காக 48 வோல்ட் ஃபாண்டம் பவரைப் போட்டால் பக்கத்துச் சேனலின் டைனமிக் மைக் செத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். கேபிள் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக்குகளுக்குத்தான் அந்தக் கவலை.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: ஸ்நேர் ஸ்கின், கிக்குக்கு ஒரு டைனமிக், மேலே ஒரு கண்டென்சர், பிறகு அதன் ஜோடி. ஆட்டம் காணாத ஸ்டாண்டுகளுக்கும் காசு எடுத்துவையுங்கள். இந்த அளவில் குழுவின் முதல் பாட்டைப் பதிந்து முடியுங்கள். முதல் டேக் முடிந்ததும் இரண்டு சேனலையும் ஒன்றாக்கி மோனோவில் ஒருமுறை கேளுங்கள். ஸ்நேர் மெலிந்திருந்தால் ஈக்யூவைத் திறக்க வேண்டாம். எழுந்துபோய் மைக்கை நகர்த்துங்கள்.