ஒரு சேவையகத்தில் பல வலையமைப்பு அட்டைகள்

கணினியை வலையமைப்புடன் இணைக்கும் வன்பொருள் வலையமைப்பு இடைமுக அட்டை எனப்படும். இவ்வட்டை ஒவ்வொன்றும் 48 பிற்றுகளைக் கொண்ட ஒரு மக் முகவரியை உடையது. சாதாரண கணினிக்கு ஓர் அட்டை போதுமானது. ஆனால் சேவையகத்தில் இரண்டு அல்லது மூன்று அட்டைகள் பொருத்தப்படுவதுண்டு. அதற்கான காரணத்தைப் பின்வரும் உதாரணத்தின் மூலம் விளங்கிக்கொள்வோம்.

மொத்த வியாபார நிலையம் ஒன்றில் ஒரு சேவையகம், ஐந்து காசாளர் கணினிகள், காப்புநகல் சேமிப்புச் சாதனம், இணைய இணைப்பு என்பன உள்ளன எனக் கொள்க. யாவும் ஒரே அட்டையினூடாக இயங்கினால், காப்புநகல் எடுக்கும்போது அவ்விணைப்பு நிரம்பிவிடும். காசாளரின் பற்றுச்சீட்டு தாமதமாகும். வாடிக்கையாளர் வரிசையில் காத்திருப்பர். எனவே போக்குவரத்து மூன்றாகப் பிரிக்கப்படுகிறது.

அட்டை 1: இணைய வழிப்படுத்தி – 192.168.1.2
அட்டை 2: காசாளர் கணினிகளின் ஆளி – 192.168.10.1
அட்டை 3: காப்புநகல் சாதனம் – 192.168.20.1

இங்கு முகவரியின் முதல் மூன்று எண்கள் வலையமைப்பையும் இறுதி எண் அதிலுள்ள சாதனத்தையும் குறிக்கின்றன.

கவனிக்க வேண்டிய விதிகள்

1. ஒவ்வோர் அட்டைக்கும் வெவ்வேறு வலையமைப்பு முகவரி வழங்கப்படல் வேண்டும். மூன்றுக்கும் 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகளை வழங்கினால், எந்த அட்டையினூடாகப் பொதியை அனுப்புவது என்பதைச் சேவையகத்தால் முகவரியைக் கொண்டு பிரித்தறிய முடியாது. போக்குவரத்து முழுவதும் ஓர் அட்டையிலேயே குவியலாம்.

2. இயல்பு நுழைவாயில் அட்டை 1 இற்கு மட்டுமே வழங்கப்படும். ஏனைய இரண்டு வலையமைப்புகளிலுள்ள சாதனங்களும் சேவையகத்துடன் நேரடியாகத் தொடர்புகொள்வதால் அவற்றுக்கு நுழைவாயில் தேவையில்லை.

3. எல்லா வடங்களையும் ஒரே சாதாரண ஆளியில் செருகினால் பிரிப்பு முழுமையடையாது. தனித்தனி ஆளிகளைப் பயன்படுத்துக. ஒரே ஒரு காப்புநகல் சாதனமாயின் அதனை அட்டை 3 உடன் நேரடியாகவே இணைக்கலாம்.

4. ஓர் அட்டைக்கு வரும் பொதியை மற்றோர் அட்டைக்கு முன்செலுத்தும் வசதி நிறுத்தப்பட்டிருத்தல் வேண்டும். அன்றேல் சேவையகமே வழிப்படுத்தியாக இயங்கி, பிரித்த வலையமைப்புகளை மீண்டும் ஒன்றாக்கிவிடும்.

மாதிரி வினா

90 கிகாபைற்றுக் காப்புநகலை (அ) செக்கனுக்கு 100 மெகாபிற்று, (ஆ) செக்கனுக்கு 1000 மெகாபிற்று வேகமுள்ள இணைப்புகளில் அனுப்ப எடுக்கும் மிகக்குறைந்த நேரத்தைக் காண்க. (1 கிகாபைற்று = 1000 மெகாபைற்று எனக் கொள்க.)

விடை
8 பிற்று = 1 பைற்று
(அ) 100 ÷ 8 = செக்கனுக்கு 12.5 மெகாபைற்று
90 000 ÷ 12.5 = 7200 செக்கன் = 2 மணித்தியாலம்
(ஆ) 1000 ÷ 8 = செக்கனுக்கு 125 மெகாபைற்று
90 000 ÷ 125 = 720 செக்கன் = 12 நிமிடம்

பிற்றைப் பைற்றாக மாற்ற மறப்பதே இத்தகைய வினாக்களில் புள்ளிகள் இழக்கப்படுவதற்கான பொதுவான காரணமாகும். நடைமுறையில் வன்றட்டின் வேகம், பொதிகளின் தலைப்புத் தரவு என்பவற்றால் நேரம் மேலும் கூடும்.

நினைவிற் கொள்க

"அட்டைகளைக் கூட்டினால் பாதுகாப்பு உறுதி" என விடை எழுத வேண்டாம். அட்டைகள் வடங்களின் போக்குவரத்தையே பிரிக்கின்றன. முறைவழியாக்கியும் வன்றட்டும் தொடர்ந்தும் பொதுவானவையே. சேவையகத்தினுள் ஊடுருவிய ஒருவரால் மூன்று வலையமைப்புகளையும் அணுக முடியும். ஆகவே அட்டை 1 இல் தீச்சுவர் அவசியம். அத்துடன், வாடிக்கையாளரின் கடன் கணக்குகள் அழிந்தால் மீளப்பெறும் வகையில், காப்புநகலின் ஒரு பிரதியை எந்த வலையமைப்புடனும் இணைக்காது வேறாக வைத்திருத்தல் வேண்டும்.

பயிற்சி: மேற்குறித்த நிலையத்தில் புதிதாக ஒரு காசாளர் கணினி இணைக்கப்படுகின்றது. அதற்குப் பொருத்தமான ஐ.பி. முகவரி ஒன்றை எழுதிக் காரணம் தருக.