அலுவலகக் கணினிகளில் எழுத்துரு ஒழுங்கு

படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த காலத்தில் நெல் விற்ற உழவர் அடைந்த இடர்ப்பாட்டை முதியோர் அறிவர். 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே அளவையை வகுத்தது. அத்தகைய ஒழுங்கு இன்று ஊராட்சி அலுவலகக் கணினிகளிலுள்ள எழுத்துருக்களுக்கும் வேண்டப்படுகின்றது.

சோளிங்கர் வட்டாரத்து ஊராட்சியொன்று, அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில் ஏரிக் கால்வாயைத் தூர்வாரத் தீர்மானித்ததாகக் கொள்வோம். ஒரு கணினியில் தெளிவாகத் தோன்றும் அத்தீர்மானம், மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றக்கூடும். பயனாளிகளின் பெயர்கள் சிதையுமாயின் உழவர்க்குரிய உதவி தாமதப்படும். ஆகவே இதனைச் சிறு குறையென எண்ணலாகாது.

இதற்குக் காரணம் யாது? கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கின்றது. பழைய எழுத்துருக்களில் எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது ஒன்றுக்கொன்று வேறுபட்டது. ஆதலின் பாமினியில் அடித்ததை வானவில்லில் படிக்க இயலாது. இக்குறையை நீக்க, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்களும், தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. பின்னர் 2010இல், உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறியை அரசு ஏற்றது.

ஒருங்குறி எழுத்துருவிலும் பதிப்பு வேறுபாடு உண்டு. ரூபாய்க் குறியீடு 2010இல் ஏற்கப்பட்டது. அதற்கு முந்திய பதிப்புகளில் அஃது இராமையால், அவ்விடத்தில் வெறுங்கட்டம் தோன்றக்கூடும். எழுத்தின் அகலம் பதிப்புக்குப் பதிப்பு மாறினால், வரிகள் நகர்ந்து, கையொப்பமிடும் இடம் தனியே அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடும்.

ஊராட்சியினர் கைக்கொள்ள வேண்டிய முறைகள் வருமாறு:

1. எழுத்துருக் கோப்பைத் திறந்தால் பதிப்பு எண் காணப்படும். கணினிதோறும் அவ்வெண்ணைப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.

2. எல்லாக் கணினிகளிலும் ஒரே ஒருங்குறி எழுத்துருவின் ஒரே பதிப்பை நிறுவுதல் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் இத்தகைய எழுத்துருக்களை விலையின்றி வழங்கியுள்ளது.

3. பழைய கோப்புகளுக்கு முதலில் நகல் எடுத்து, பின்னரே ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். பெயர், சர்வே எண், தொகை ஆகியவற்றை மூலத்துடன் ஒப்பிட்டு முடியும்வரை பழைய எழுத்துருவை நீக்கலாகாது.

4. வெளியே அனுப்பும் ஆவணங்களை, எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எப். வடிவில் அனுப்புதல் நலம். தொகையை எழுத்தாலும் எழுதுதல் பாதுகாப்பாகும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை; சில நாள் உழைப்பே வேண்டும். உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துரைப்பார்களாக. நாம் இன்று எழுதிவைக்கும் தீர்மானத்தை நம் பிள்ளைகளும் பிழையின்றிப் படித்தல் வேண்டுமன்றோ!