இருமலை மறைக்கலாமா?

பீன்யா பெங்களூரில் உள்ள பெரிய தொழிற்பேட்டை. தும்கூர் சாலை ஓரம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த பலர் இங்கே வேலை செய்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. மகள் பி.காம். படிக்கிறாள். மகளுக்கு மூன்று வாரமாக இருமல்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா கண்ணு."

"பரீட்சை வருது அம்மா. உனக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். டி.பி.ன்னு சொல்லிட்டா, யார் என் பக்கத்தில் உட்காருவாங்க?"

மகள் படித்தவள். நோய் பற்றித் தெரியும். ஆனால் நேரம், காசு, ஊர்ப் பேச்சு மூன்றும் அவள் காலைக் கட்டுகின்றன.

நான்காவது தடை ஒன்றும் உண்டு. பெங்களூரில் 1959-இல் தேசியக் காசநோய் நிறுவனம் ஏற்பட்டது. அங்கிருந்த பானர்ஜி, ஆண்டர்சன் இருவரும் தும்கூர் மாவட்டத்தில் காசநோயாளிகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். 1963-இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளில் பாதிப் பேர் முன்பே மருத்துவ உதவி தேடிப் போயிருந்தார்கள்! ஆனால் அங்கே இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நோயைக் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே, போனால் மட்டும் போதாது. கேட்கவும் வேண்டும்.

தெரிந்துகொள்வோம்

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். "சளியைச் சோதிப்பீர்களா?" என்று நாமே கேட்கலாம்.

2. அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது.

3. சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது.

4. இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளியின் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. தொழிலாளியை நம்பி வாழும் பிள்ளை படித்தால் 21 வயது வரை உண்டு. மணமாகாத மகளுக்கும் உண்டு. பீன்யாவில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

5. காசநோய் காற்றில் பரவும். மறைத்தால் வீட்டில் உள்ளவர்களுக்கும் வரலாம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும். இதில் வெட்கம் எதற்கு?

பேசிப் பார்ப்போம்

1. மகளைத் தடுத்தவை எவை?
2. நீங்கள் பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தால், அவளிடம் என்ன சொல்வீர்கள்?
3. உங்கள் வீட்டுக்கு அருகில் சளிப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள்? கேட்டு எழுதுங்கள்.