மன்னார்க் கரையிலிருந்து பிரெஞ்சு மொழிக்கு

பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியைச் சிறப்புப் பாடமாகப் பயிலப் போகிறேன் என்று மன்னார்த் தீவின் பிள்ளையொருவர் வீட்டில் சொல்லும்போது, "அந்தப் பாஷையால் நமக்கு என்ன பிரயோசனம்?" என்ற கேள்வி அன்போடும் கவலையோடும் எழுவது இயல்பே. களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறையில் அம்மொழியைப் பயின்று, பின்னர் அதைப் பிறருக்குக் கற்பித்தும் வருகிற நான், அக்கேள்விக்கு உத்தியோகத்தை மட்டும் காட்டி விடை சொல்வது போதாதென்று கருதுகிறேன். தன் ஊரின் கரையையும் தொழிலையும் மனிதரையும் நன்கறிந்தவர் எவரோ அவரே அந்நிய மொழியொன்றினுள் ஆழமாக இறங்க வல்லவர் என்பதும், மன்னாரிற் பிறந்தவருக்குப் பிரெஞ்சு இலக்கியத்தினுள் நுழைய மற்றெவருக்கும் வாய்க்காத ஒரு சொந்த வாயில் திறந்திருக்கிறது என்பதும் என் அநுபவம் எனக்குக் காட்டிய உண்மைகள். அவ்வழியிற் செல்ல நினைக்கும் இளையோருக்கு உபயோகமாகுமென்று நம்பிச் சில யோசனைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி மனனம் செய்யும் வழக்கத்தை ஆரம்பத்திலேயே கைவிடுவது நல்லது. மீனைக் குறிக்கும் சொல், பானத்தைக் குறிக்கும் சொல், நஞ்சைக் குறிக்கும் சொல் ஆகிய மூன்றும் பிரெஞ்சில் வெவ்வேறு ஒலியுடையவை. ஆயினும் நம் பகரமும் சகரமும் தத்தமக்குரிய இரண்டிரண்டு ஒலிகளுக்குப் பொதுவாக நிற்பதால், தமிழில் எழுதும்போது அம்மூன்றும் 'புவாசோன்' என்ற ஒரே உருவத்தில் வந்து அடங்கிவிடுகின்றன. விரல்களைத் தொண்டையில் வைத்துக்கொண்டு மூன்றையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தால், மீனுக்குரிய சொல்லின் தொடக்கத்தில் அதிர்வு இல்லாதிருப்பதையும், பானத்துக்குரிய சொல்லில் முதலெழுத்திலேயே அதிர்வு எழுவதையும், நஞ்சுக்குரிய சொல்லில் அது நடுவெழுத்தில் மாத்திரம் மிகுவதையும் விரலே உணர்த்திவிடும். மூன்றின் ஈற்றிலும் நாம் எழுதுகிற னகரம் உண்மையில் அங்கே இல்லை. நாநுனி அண்ணத்தைத் தொடாமலே மூச்சு மூக்கின் வழியாகவும் செல்ல வேண்டும். இவ்வப்பியாசத்தை நாள்தோறும் சிறிது நேரம் வாய்விட்டுச் செய்பவரின் உச்சாரணம் சில மாதங்களில் தெளிந்துவிடுவதை என் மாணவர்களிடத்தும் கண்டிருக்கிறேன்.

அடுத்தது பால் வகுப்பு. உயிரற்ற பொருள்களையெல்லாம் அஃறிணையில் அடக்கிப் பழகிய நமக்கு, கடலும் பாயும் நங்கூரமும் பெண்பாலாகவும், படகும் வலையும் காற்றும் ஆண்பாலாகவும் நிற்கும் ஒரு மொழி முதலில் திகைப்பையே தரும். இதற்குக் காரணம் தேடிக் காலத்தைச் செலவிடுவதைவிட, ஒவ்வொரு பெயரையும் அதன் முன்னொட்டுச் சொல்லோடு சேர்த்து ஒரே சொல்லாகப் பாடம் செய்வதே நேர்வழி. அதிலும் நங்கூரத்தைப்போல உயிரொலியில் தொடங்கும் பெயர்களின் முன் 'ல', 'லா' என்ற இரண்டும் தேய்ந்து ஒன்றாகிப் பாலை மறைத்துவிடுமாதலால், அவற்றை 'ஒரு' என்ற பொருள் தரும் சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பாடநூலின் பாரிஸ் வீதிகளையும் சிற்றுண்டிச் சாலைகளையும் வருணிப்பதோடு நின்றுவிடாமல், பேசாலைக் கரையில் கரைவலை இழுக்கும்போது கண்முன் காணும் ஒவ்வொன்றுக்கும், ஒவ்வொரு செயலுக்கும் பிரெஞ்சுச் சொல் தேடி ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். வலையை வளைப்பது, கயிற்றை இழுப்பது, மடியை அவிழ்ப்பது, மீனைத் தரம்பிரிப்பது என்று வினைச்சொற்களைத் தொழிலின் வரிசையிலேயே அமைத்துப் படித்தபோது, அட்டவணையில் உயிரற்றுக் கிடந்த வினைத்திரிபுகள் மனத்தில் நிலைத்தன. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை தன் வயலை வைத்தும், வங்காலைப் பிள்ளை தன் ஊர்க் களப்புக்குப் பருவந்தோறும் வந்திறங்கும் பூநாரைகளை வைத்தும் இதையே செய்யலாம்.

மொழியோடு சேர்ந்து வரும் பண்பாட்டை மரியாதைச் சொற்களிலிருந்து தொடங்குவது நலம். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகளை வைத்துப் பழகிய நமக்குப் பிரெஞ்சின் இரண்டு படிகள் எளியவையாகவே தோன்றும். ஆனால் அங்கே பிள்ளை தன் தாயையும் தந்தையையும் நெருக்கமான ஒருமையிலேயே அழைக்கும். அதே பிள்ளை கடைக்காரரையும் அறிமுகமற்ற பெரியவரையும் பன்மையில் அழைக்கும். அங்கே அந்தத் தேர்வை நிர்ணயிப்பது பெரும்பாலும் நெருக்கமும் தூரமுமே என்பதை உணர்ந்துகொண்டவர், நம் வீட்டு வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டு அவர்களை மரியாதையற்றவர்களென்று எண்ணமாட்டார். கடையில் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் பொருளைக் கேட்பது அங்கே பண்பற்ற செயலாகக் கருதப்படும் என்பதையும் இங்கேயே அறிந்து வைத்திருப்பது நல்லது.

இனி, நான் குறிப்பிட்ட அந்தச் சொந்த வாயிலுக்கு வருகிறேன். ஜூல் வேர்ன் எழுதி 1870 இல் நிறைவெய்திய, கடலின் ஆழத்தில் இருபதினாயிரம் லீக் பயணத்தைச் சொல்லும் நாவலின் இரண்டாம் பகுதியிலே, கப்பித்தான் நெமோ தன் விருந்தினரை அழைத்துச் செல்வது நம் மன்னார் முத்துப் பார்களுக்குத்தான். இலங்கையைக் கண்ணாற் காணாத அவ்வாசிரியர், கயிற்றிற் கட்டிய கனமான கல்லைப் பாதங்களுக்கிடையே பற்றிக்கொண்டு பன்னிரண்டு மீற்றர் ஆழத்துக்கு இறங்கும் குளியாளியை நூல்களின் துணைகொண்டே வருணித்திருக்கிறார். ஏழைக் குளியாளியொருவனைச் சுறா தாக்க வரும்போது நெமோ தன் உயிரைப் பொருட்படுத்தாது கத்தியோடு பாய்வதும், காப்பாற்றப்பட்ட அம்மனிதனின் கையில் ஒரு பை முத்துக்களை வைப்பதும், தானும் ஒடுக்கப்பட்டோரின் நாட்டைச் சேர்ந்தவனே என்ற கருத்தைப் பின்னர் உரைப்பதும் அந்நூலின் உயர்ந்த பகுதிகளில் அடங்கும். அந்த அத்தியாயத்தை மூலமொழியிற் படித்தபோது, கல்லும் கயிறும் சிப்பியும் எனக்கு முன்னரே தெரிந்தவையாதலால், அகராதியைப் புரட்டும் சிரமம் பாதியாகக் குறைந்தது. ஆசிரியர் எங்கே சரியாகக் கண்டார், எங்கே கற்பனையிற் பறந்தார் என்று தீர்ப்புச் சொல்லும் தைரியமும் பிறந்தது. தேங்காயளவு முத்தைத் தாங்கிய இராட்சதச் சிப்பி கற்பனை. சுறாவைப் பற்றிய அச்சமோ நம் முன்னோர் மூச்சடக்கி அநுபவித்த நிஜம்.

பாரிஸ் நகரின் லிரிக் நாடக அரங்கில் 1863 செப்டெம்பர் 30 ஆம் திகதி முதன்முறையாக அரங்கேறிய 'முத்துக்குளிப்போர்' என்ற இசைநாடகத்தை இயற்றியபோது ஜோர்ஜ் பிசேக்கு வயது இருபத்துநான்கு. மெக்சிகோவைக் களமாக எண்ணித் தொடங்கிய கதை பின்னர் இலங்கைக்கு மாற்றப்பட்டது. அதில் வரும் நாதிர், சுர்கா, லேலா என்ற பெயர்கள் நம் கரையோரக் குடிகளின் பெயர்களாகத் தோன்றவில்லை. அவர்கள் பிரமனை அழைத்து வேண்டுவதும் நம் நாட்டு வழிபாட்டு முறைக்கு ஒத்ததன்று. எனினும் முகத்திரையணிந்த பூசாரிப் பெண் பாறைமேல் நின்று பாடிக் குளிப்போரைத் தீமையிலிருந்து காக்கும் காட்சியைக் கேட்கும்போது, அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துச் சலாபம் நடந்த நாட்களில் மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி'யை நினையாதிருக்க முடியாது. ஐரோப்பியக் கற்பனை நம்மை எவ்வாறு தீட்டிற்று என்பதை ஆராயும் மாணவருக்கு இதனினும் சிறந்த பொருள் வேறில்லை. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுவோர் பாரிஸைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியதையே மீண்டும் எழுதாமல், அந்த நாடகத்தின் உரைப்பாடத்தையும் சலாபத்தைப் பற்றிய குறிப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார்களாயின், தேர்வாளர்க்கும் புதிய அறிவு கிடைக்கும்.

பிரான்சிலிருந்து இங்கு வந்தோரின் தொடர்பும் சிறிதன்று. மார்செய் ஆயராக இருந்த மசெனோ ஆண்டகை தோற்றுவித்த அமலமரித் தியாகிகள் சபையினர் 1847 இல் இலங்கைக்கு வந்தார்கள். அச்சபையைச் சேர்ந்த பொஞ்சீன் ஆண்டகை யாழ்ப்பாணத்தின் ஆயராகி, மடுவில் புதிய ஆலயத்துக்கு 1872 இல் அடிக்கல் நாட்டினார். அக்குருமார் தமிழிலே பிரசங்கித்து, தமிழிலே பாவசங்கீர்த்தனம் கேட்கும் அளவுக்கு நம் மொழியைக் கற்றார்கள். புதுச்சேரியிலோ முசே, துயிபுயி என்ற இரு குருமார் தமிழ்–பிரெஞ்சு அகராதியையே தொகுத்தளித்தார்கள். ழகரமும் றகரமும் நாவில் வராமல் அவர்கள் எவ்வளவு பிரயாசைப்பட்டிருப்பார்கள் என்று சிந்திக்கும் மாணவர், பிரெஞ்சின் தொண்டை ரகரத்தைக் கண்டு மனந்தளரமாட்டார்.

இனி அன்றாடப் பயிற்சிக்கான சில குறிப்புகள். பிரெஞ்சுச் சர்வதேச வானொலி எளிய பிரெஞ்சில் ஒலிபரப்பும் செய்தியறிக்கையை நாள்தோறும் கேளுங்கள்; முதன்முறை எழுத்துரையைப் பாராமலும், இரண்டாம் முறை பார்த்தும், மூன்றாம் முறை மீண்டும் பாராமலும் கேட்பதே பயன் தரும் முறை. கொழும்பிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்துக்கு வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சென்று, கைக்கு எட்டிய சிறுகதை நூல்களைப் படியுங்கள். பட்டத்தோடு திருப்தியடையாமல் டெல்ஃப் பரீட்சையின் பி2 நிலையையாவது எட்டிவிடுங்கள். பிரான்சிலே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அச்சான்றிதழ் பெரிதும் கைகொடுக்கும். களனியில் என் சகபாடிகளிற் பெரும்பாலோர் சிங்களம் பேசுவோராகவும், இலக்கண விளக்கமெல்லாம் ஆங்கிலத்திலும் இருந்ததால், தமிழ்ப் பிள்ளை மூன்று மொழிகளினூடே நான்காவதை அடைய வேண்டியிருந்தது. அந்தச் சூழலைத் தடையென்று எண்ணாமல், தோழர்களோடு சிங்களத்திலும் பேசிப் பழகிக் கூடிப் படித்தமையே என்னைக் கரைசேர்த்தது.

நம்மவரிற் பலருக்குப் பாரிஸில் உறவினர் உண்டு. லாச்சப்பல் கடைத்தெருவைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டிராத குடும்பம் இங்கு அரிது. அங்கே பிறந்து வளர்ந்த மச்சானோடும் மச்சாளோடும் தொலைபேசியில் தமிழில் நலம் விசாரித்தபின், கால்மணி நேரம் பிரெஞ்சிலே பேசுங்கள். எதிர்மறை வாக்கியத்தில் வினையின் முன்னும் பின்னும் இரண்டு சொற்கள் வேண்டுமென்று வகுப்பிற் கற்றிருப்பீர்கள். அவர்கள் பேச்சிலே முன்னது மறைந்து பின்னது மாத்திரம் ஒலிக்கும். எழுத்து மொழியும் பேச்சு மொழியும் விலகி நிற்கும் நிலையைத் தமிழிலேயே நன்கறிந்த நமக்கு இது அதிர்ச்சி தர வேண்டியதில்லை; எந்த இடத்தில் எது பொருந்தும் என்ற விவேகத்தைப் பழகிக்கொண்டால் போதும்.

இவ்வளவையும் சொன்னபின் ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன். முத்துப் பார்களைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதியவர்கள் பெரும்பாலும் தூரத்திலிருந்து எழுதினார்கள். பார்களின் நிலையையும், கடல்கட்டியின் வழக்கத்தையும், சலாபம் ஓய்ந்தபின் சங்கு குளித்தும் கடலட்டை பிடித்தும் வாழ்கிற குடும்பங்களின் வரலாற்றையும் நன்கறிந்த மன்னார்ப் பிள்ளையொருவர், வேர்னின் அந்த அத்தியாயத்தை நம் கரையின் தொழிற்சொற்களோடும் குறிப்புரையோடும் தமிழுக்குத் தர வேண்டும். பிறகு, அதே கரையின் கதையைத் தன் வாயால் பிரெஞ்சு வாசகருக்குச் சொல்லவும் வேண்டும். இந்த ஆண்டு முதல் பாடத்தைத் தொடங்கும் மாணவர் இக்குறிக்கோளை மனத்திற்கொண்டு தொடங்கினால், பிரயோசனம் என்ன என்று கேட்கும் பெற்றோருக்கு அவருடைய கல்வியே தக்க மறுமொழியாக அமையும்.