வெளியில் விளையாடும் மழலையைக் காப்போம்

நுழையும்முன்

பள்ளி விட்டு வந்ததும் தம்பி தங்கையரை வெளியே அழைத்துச் செல்லும் பொறுப்பு மூத்த பிள்ளைகளாகிய உங்களுக்கு உண்டு அல்லவா? தோலில் ஏதோ ஊர்கிறது என்று சொல்லவும் கொசுவை ஓட்டவும் சிறு குழந்தைக்குத் தெரியாது. ஆகவே, அதனைக் காக்கும் இயற்கை வழிகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

கடிப்பவை எவை?

சித்தூர் மாவட்டம் மாந்தோப்புகள் நிறைந்தது. திருப்பதி நகரம் சேஷாசல மலைக்காட்டின் அடிவாரத்தில் அமைந்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கு வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. அப்போது புல்லும் புதரும் செழிக்கின்றன. கொட்டாங்குச்சியிலும் பழைய டயரிலும் நீர் தேங்குகிறது. கடிக்கும் உயிர்களும் பெருகுகின்றன.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு பகலில் கடிக்கும். காலையிலும், மாலையில் கதிரவன் மறையும் முன்னும் அதன் நடமாட்டம் மிகுதி. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிசு கொசு இரவில் கடிக்கும். 1897 ஆகஸ்டு 20 அன்று, இன்றைய தெலங்கானாவில் உள்ள செகந்திராபாத்தில், ரொனால்டு ராசு என்னும் மருத்துவர் அனாபிலிசு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன் நினைவாக ஆகஸ்டு 20 உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நம் பகுதியில் நாம் அறிய வேண்டிய மற்றொன்று உண்ணிக் காய்ச்சல். புதரிலும் உயர்ந்த புல்லிலும் வாழும் மிகச் சிறிய உண்ணிகளின் குஞ்சுகள் கடிப்பதால் இது வருகிறது. அவை கண்ணுக்கு எளிதில் புலப்படா; கடித்தாலும் வலி தெரியாது. திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனத்திலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இக்காய்ச்சலைப் பற்றி ஆய்வுகள் நடந்துள்ளன.

துணியே முதற்காப்பு

மருந்தும் எண்ணெயும் இன்றிக் குழந்தையைக் காப்பது உடையே. கையையும் காலையும் மூடும், வெளிர்நிறப் பருத்தி ஆடையைத் தளர்வாக அணிவிக்க வேண்டும். தோப்பில் வேலை செய்வோர் மாமரக் கிளையில் தூளி கட்டிக் குழந்தையை உறங்க வைப்பர். அத்தூளியின்மேல் கொசுவலையைப் போர்த்தினால் பகற்கொசுவும் அணுகாது.

குழந்தையை வெறும் புல்லில் அமர்த்தாது பாய் விரித்து அமர்த்துக. துவைத்த துணிகளைப் புதரின்மேல் உலர்த்தாதீர்கள்; கொடியில் உலர்த்துங்கள். வீடு திரும்பியதும் குழந்தையைக் குளிப்பாட்டி உடையை மாற்றுதல் நலம்.

நீர் தேங்காமை

கொசுவின் முட்டை ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் கொசுவாகிவிடும். எனவே, வாரம் ஒருமுறை தொட்டி, பூச்சாடித் தட்டு ஆகியவற்றில் உள்ள நீரைக் கொட்ட வேண்டும். ஏடிசு கொசுவின் முட்டை நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் அழியாதிருக்கும். ஆதலால் பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது.

இலையும் எண்ணெயும்

வேப்பிலை, நொச்சியிலை ஆகியவற்றின் புகை கொசுவை ஓரளவு விரட்டும். ஆனால், எப்புகையும் குழந்தையின் நுரையீரலுக்குக் கேடு. குழந்தை இல்லாத வேளையில் புகையிட்டு, புகை அகன்ற பின்னரே அழைத்து வருதல் வேண்டும்.

வேப்பெண்ணெய், யூகலிப்டசு எண்ணெய் முதலியவற்றை நேரடியாக மழலையின் தோலில் பூசக்கூடாது. 2 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குப் பூச்சிவிரட்டி எதுவும் வேண்டா, வலையே போதும். கற்பூரம் தவறி வாயினுள் சென்றால் வலிப்பு உண்டாகலாம். செடியிலிருந்து கிடைத்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

கடித்துவிட்டால்

கடித்த இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைக்கவும். சொறிந்து புண்ணாகாதிருக்க நகங்களை வெட்டிவிடவும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, கழுத்து, காதின் பின்புறம் ஆகிய இடங்களைப் பாருங்கள். சிகரெட்டுச் சூடு போன்ற கருநிறப் பொருக்கு இருப்பின் அதனை மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளமாகலாம். உரிய மருந்தை விரைவில் தொடங்கினால் குணமாகும். காலம் தாழ்த்தினால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படும். மழலை தன் நோவைச் சொல்லாது. உங்கள் கண்கள் அதனைக் கண்டு சொல்லட்டும்.

சொற்பொருள்

மழலை – சிறு குழந்தை
தூளி – துணியால் கட்டிய தொட்டில்
பொருக்கு – புண்ணின்மேல் காய்ந்த தோல்
இன்றியமையாதது – கட்டாயம் தேவையானது

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. ஏடிசு கொசு ________ வேளையில் கடிக்கும்.
2. உலகக் கொசு நாள் ஆகஸ்டு ________.

ஆ. தமிழ்ச்சொல்லை அதற்குரிய தெலுங்குச் சொல்லோடு பொருத்துக.
1. கொசு – வாவிலி
2. வேம்பு – தோம
3. நொச்சி – வேப

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தை ஏன் தேய்த்துக் கழுவ வேண்டும்?
2. வேப்பிலைப் புகையிடும்போது கவனிக்க வேண்டியது யாது?

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் இடங்களைப் பெரியவர்களுடன் சென்று கண்டறிந்து, பட்டியலிட்டு, வகுப்பில் படித்துக் காட்டுக.