இறாலில் மருந்தெச்சம் அறியும் பொன்துகள் பட்டை

இறால் குட்டையில் நோய் கண்டவுடன், பெயர் குறியாத பொடிகளை வாங்கித் தீவனத்தில் கலப்பது ஆபத்தான வழக்கமாகும். அப்பொடியில் குளோராம்பெனிகால் என்னும் மருந்து இருத்தல் கூடும். இம்மருந்து மனிதரில் மிகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, இரத்தம் ஊறாதபடி செய்துவிடும். தீங்கற்ற அளவு இன்னதென வரையறுக்க இயலாமையால், இறால் வளர்ப்பில் இதன் உபயோகம் இந்தியாவில் விலக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய யூனியன் 2022-ம் வருஷம் நவம்பர் முதல் கிலோ ஒன்றுக்கு 0.15 மைக்ரோகிராம் என்னும் அளவை வைத்துச் சரக்கைத் தள்ளுகின்றது. அஃதாவது, ஒரு டன் இறாலில் 0.15 மில்லிகிராம்.

இத்துணை நுண்ணிய எச்சத்தை அறிய உதவும் சாதனங்களுள் ஒன்று பொன்துகள் பட்டை. மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் பருமனுள்ள பொன்துகள் மஞ்சளாயிராது, சிவந்து தோன்றும். அத்துகளின்மேல் இம்மருந்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை ஏற்றியிருப்பர். பட்டையிலுள்ள சோதனைக் கோட்டில் அம்மருந்தே பதிக்கப்பட்டிருக்கும். இறால் சதையை அரைத்து, பெட்டியிற் கண்ட முறைப்படி வடித்த சாற்றைப் பட்டையில் விட்டால் துகள்கள் சாற்றுடன் நகரும். சாற்றில் மருந்தில்லையெனில் அவை சோதனைக் கோட்டில் தங்கிச் சிவப்புக் காட்டும். மருந்திருப்பின் துகள்கள் முன்னரே அதனைப் பற்றிவிடுவதால் கோடு மங்கும், அல்லது தோன்றாது.

ஆகவே கவனிக்க வேண்டுவன:

1. இரண்டு கோடுகளும் நன்கு சிவந்தால், பட்டை காட்டக்கூடிய அளவில் எச்சம் இல்லை.
2. சோதனைக் கோடு மங்கினாலும் மறைந்தாலும் எச்சம் உண்டெனச் சந்தேகிக்க வேண்டும். கோடு காணாமையை நற்குறியெனக் கொள்ளுதல் பெரும் பிழை.
3. ஒப்புக்கோடு தோன்றாவிடில் அப்பட்டை செல்லாது. வேறொன்றால் மீண்டும் சோதித்தல் வேண்டும்.
4. பட்டை காட்டும் மிகக் குறைந்த அளவு பெட்டியில் குறித்திருக்கும். அது 0.15 மைக்ரோகிராமுக்கு மேற்பட்டதாயின், இரண்டு கோடுகள் கண்டும் ஏற்றுமதிக்கு ஏற்றதெனத் துணியலாகாது.

பட்டை சந்தேகத்தைக் காட்டுமேயன்றித் தீர்ப்புக் கூறாது. ஆதலால் சந்தேகமுள்ள குட்டையின் அறுவடையை நிறுத்தி, கிராம உத்தியோகஸ்தர் முன்னிலையில் மாதிரி எடுத்து முத்திரையிட்டு, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புதல் நலம். ஒரு குட்டையின் இறால் மற்றவற்றுடன் கலந்தபின், குற்றமற்ற அயலார் சரக்கும் அதனுடன் தள்ளுபடியாகும்.

மேலும், வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது. இம்மருந்து அதற்குச் சிறிதும் பயன்படாது. பெயரும் உட்பொருளும் குறியாத பொடியைக் குட்டையில் இடாதிருத்தலே எல்லாச் சோதனையினும் மேலான காப்பாகும்.