திருக்குறள் வகுப்பு: கள்ளுக்கு அடுத்த அதிகாரம்

சென்ற வகுப்பில் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையைப் படித்தோம். முடிவில் ஒரு தாயார், "இந்தக் காலத்துக் கள்ளு கைத்தொலைபேசிதானே?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். கேள்வி நல்ல கேள்வி.

புகைத்தால் நிக்கொட்டினும் குடித்தால் மதுசாரமும் உடலுக்குள் செல்கின்றன. தொலைபேசியில் அப்படி எதுவும் இல்லை. பின் ஏன் கை தானாகப் போகிறது? விடை அடுத்த அதிகாரமான சூதில் இருக்கிறது. சூதாடி எப்போதும் வெல்வதில்லை; எப்போதாவது வெல்கிறான். அந்த 'எப்போதாவது'தான் அவனை எழும்ப விடுவதில்லை. விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வரும் படங்களும் அப்படியே. அடுத்தது நன்றாக இருக்குமோ என்று தள்ளிக்கொண்டே இருக்கிறோம்.

சிகரெட்டுக்குப் போல இதற்கும் இங்கு அவுஸ்திரேலியாவில் வயதெல்லை வந்துவிட்டது. 2025 டிசெம்பர் 10 முதல், 16 வயதுக்குக் குறைந்தோர் இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவற்றில் கணக்கு வைத்திருப்பதை அந்நிறுவனங்கள் தடுக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சட்டம் இல்லை. பூசை நேரத்தில் வெளிச்சம் தெரிவதோ பெரும்பாலும் எங்கள் மடியில்தான்!

ஆனால் சிகரெட்டை அடியோடு விடலாம். தொலைபேசியை விட்டால் ஊரிலுள்ள அம்மம்மாவின் முகத்தைப் பார்ப்பது எப்படி? ஆகவே இதை உணவோடு ஒப்பிடுவதே பொருத்தம். முன்பு உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணச் சொல்வது 95ஆம் அதிகாரமாகிய மருந்து.

அடுத்த வகுப்புக்குச் சூதையும் மருந்தையும் வாசித்து வாருங்கள். பெற்றோரும் வரலாம். செருப்புத் தட்டின் மேல் ஒரு கூடை வைத்திருப்போம்.